அறுவைக் கருவிகளின் சுற்றுப்பயணம்

கண்புரை அறுவை நடைபெறும் ஓர் அரங்கைக் கற்பனை செய்து கொள்வோம். ஓர் அறுவைக்கு 8 நிமிடங்கள் ஆகின்றன என்க. அது முடியும்போது அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் ஆயத்தமாகப் படுத்திருக்கிறார். ஆனால் பயன்படுத்திய கருவிகளை அவருக்கு அப்படியே எடுக்க முடியாது. அவற்றைக் கழுவி, நீராவியில் நுண்ணுயிர் நீக்கி, ஆறவைத்து மீண்டும் மேசைக்குக் கொண்டுவர 40 நிமிடங்கள் ஆகுமானால், அந்த மருத்துவருக்கு எத்தனை தட்டுக் கருவிகள் தேவை?

40ஐ 8ஆல் வகுத்தால் 5. ஆகவே சுற்றில் 5 தட்டுகள், மருத்துவரின் கையில் ஒன்று, மொத்தம் 6. ஐந்தே இருந்தால் மருத்துவரும் நோயாளியும் காத்திருக்க நேரும். பத்து இருந்தால் நான்கு தட்டுகள் வீணே அலமாரியில் கிடக்கும். வரிசைகளைப் பற்றிய இத்தகைய கணக்குக்குப் பொதுவான நிறுவலை 1961இல் தந்தவர் அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் சுற்றும் நேரத்தைக் குறைக்க வேண்டும். எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு இயற்பியல் விடை கூறுகிறது.

நீராவியின் ஆற்றல்

உலர்ந்த வெப்பக் காற்றில் 160 பாகை செல்சியசில் நுண்ணுயிர்களை அழிக்க 2 மணி நேரம் வேண்டும். நீராவிக்கோ 121 பாகையில் 15 நிமிடங்கள் போதும்; 134 பாகையில் 3 நிமிடங்களே போதும். வெப்பநிலை குறைவாக இருந்தும் நீராவி விரைந்து செயற்படுவது எதனால்?

ஒரு கிராம் காற்று ஒரு பாகை குளிர்ந்தால் கால் கலோரி வெப்பம்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் 121 பாகையிலுள்ள ஒரு கிராம் நீராவி, குளிர்ந்த கத்தியின் மேல் பட்டு நீராக மாறும்போது சுமார் 525 கலோரி உள்ளுறை வெப்பத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறது. அப்போது அதன் கன அளவும் 800 மடங்குக்கு மேல் சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்பப் புதிய நீராவி பாய்ந்து வருகிறது. மேலும், முட்டை வெண்கரு வெந்து உறைவது போல நுண்ணுயிரின் புரதங்கள் உறைவதற்கும் ஈரம் துணை செய்கிறது.

அழுத்தமானி ஏமாற்றும் இடம்

கலத்தினுள் காற்று தங்கிவிட்டால் என்ன ஆகும்? அழுத்தமானி காட்டுவது காற்றின் அழுத்தமும் நீராவியின் அழுத்தமும் சேர்ந்த கூட்டுத் தொகை. முள் சரியான இடத்தில் நிற்கும், வெப்பநிலையோ குறைந்திருக்கும். 121 பாகை இருக்க வேண்டிய கலத்தில் பாதிக் காற்று வெளியேறாமல் நின்றால் சுமார் 112 பாகைதான் இருக்கும். வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் அதில் பிழைத்துக்கொள்ளலாம். அவை கண்ணுக்குள் சென்றால் பார்வையே போய்விடக்கூடும்.

நம் வீட்டுக் குக்கரிலும் நீராவி சீராக வெளிவந்த பிறகுதானே வெயிட்டைப் போடுகிறோம்! காற்றை முதலில் துரத்துவதே அதன் நோக்கம். மருத்துவமனைப் பெருங்கலங்களில் வெற்றிடப் பம்பு இந்த வேலையைச் செய்கிறது. அது சரியாக இயங்குகிறதா என்று அறிய, போவி, டிக் என்னும் இருவரின் பெயரால் வழங்கும் ஒரு சோதனை 1963இல் வெளியாயிற்று. துணிக்கட்டின் நடுவே நிறம் மாறும் நாடாவை வைத்து நாள்தோறும் சோதிப்பார்கள். நிறம் எங்கும் ஒரே சீராக மாறவில்லையெனில் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்று பொருள்.

ஆகவே நீராவிக்கு உரிய நிமிடங்களில் கைவைக்கக் கூடாது. கழுவுவதிலும் அவசரம் ஆகாது; உலர்ந்து ஒட்டிய இரத்தம் நுண்ணுயிர்களுக்குக் கவசமாகிவிடும். குறைக்கத் தக்கவை வேறு: கருவிகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம், கலம் நிறையட்டும் என்று காத்திருக்கும் நேரம், காணாத இடுக்கியைத் தேடும் நேரம்.

மதுரையின் அனுபவம்

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கே அடுத்தடுத்த மேசைகளில் அறுவை நடக்கிறது. கருவிகள் குறுகிய நேர நீராவிக் கலங்களில் தூய்மை பெற்று உடனுக்குடன் திரும்புகின்றன. 2017இல் வெளியான ஆய்வின்படி, அங்கு ஒரு புரை அறுவையால் சேரும் கழிவு சுமார் 250 கிராம். வெளியாகும் கரியமில வாயு சுமார் 6 கிலோகிராம். இது பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் ஏறத்தாழ 5 விழுக்காடே. சிகிச்சையின் பலனோ இரு நாடுகளிலும் ஒப்பிடத்தக்கது.

சான்பிரான்சிஸ்கோவில் 58 மூளை, முதுகுத்தண்டு அறுவைகளைக் கவனித்த மற்றோர் ஆய்வும் 2017இல் அச்சாயிற்று. பொருட்செலவில் சுமார் 13 விழுக்காடு, பயன்படாமலே போன பொருள்களுக்கு ஆகியிருந்தது. மூளை அறுவை புரை அறுவையைப் போன்றதன்று, எதிர்பாராதது நிகழக்கூடும். எனினும், பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் அதன் தூய்மை போயிற்று. திரும்ப அலமாரியில் வைக்க முடியாது. அருகில் வைத்திருந்து, கேட்ட பின் பிரிப்பதே சிக்கனம்.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நீராவிக் கலம் கீழ்த் தளத்தில் இருப்பதால் தட்டு திரும்பி வர 64 நிமிடங்கள் ஆனால், எத்தனை தட்டுகள் வேண்டும்? விடை 9. கலத்தை அரங்கின் பக்கத்து அறைக்கு மாற்றினால் மூன்று தட்டுகள் மிச்சம். நோயாளியின் பாதுகாப்பிலோ ஒரு நிமிடமும் குறையவில்லை.