அ-பதிவேட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

"பட்டா இருக்கு, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு" என்ற நம்பிக்கையில் முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வக்கீலைத் தேடுகிறவர்கள் சங்ககிரி, திருச்செங்கோடு, இராசிபுரம் பக்கம் குறையவே இல்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைச் சொல்லும். அந்த நிலத்தை நீங்கள் வாங்கலாமா, அதில் வீடு கட்டலாமா என்பதை இரண்டும் முழுதாகச் சொல்லாது. அதற்கு அ-பதிவேட்டைப் பார்க்க வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, நஞ்சையா புஞ்சையா, புறம்போக்கா என்றெல்லாம் வரிசையாக இருக்கும்; கடைசிக் கட்டம் குறிப்புரை. விற்பவர் வாய் திறக்காத விஷயம் பல நேரம் அங்கேதான் கிடக்கிறது.

அங்கே 'நிபந்தனை' என்றோ 'டி.சி.' என்றோ ஒரு சொல் இருந்தால் அது பஞ்சமி நிலமாக இருக்கலாம். 1892 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ('டி.சி.' என்பது அவர்களைக் குறித்த ஆங்கிலச் சுருக்கம்) ஒப்படைத்த நிலம் அது. அவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்றால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். இடையில் நாலு கிரயம் நடந்திருந்தாலும் பட்டா மாறியிருந்தாலும் காப்பாற்றாது.

அடுத்தது ஓடை. மழை பொய்த்த வருஷத்தில் ஓடையும் பக்கத்துக் காடும் ஒன்றுபோலத் தெரியும். பத்திரத்தின் செக்குபந்தியில் 'ஓடைக்கு மேற்கு' என்று எழுதியிருந்தால், புலப்படத்தை வாங்கி, சர்வேயரை வைத்து அளந்துவிட்டுத்தான் பேச வேண்டும். பட்டாவில் 0.12.50 என்றால் பன்னிரண்டரை ஏர், ஏறக்குறைய 31 சென்ட். கம்பிவேலிக்குள் 38 சென்ட் இருந்தால் மிச்சம் யாருடையது? வீட்டுவரி ரசீதும் கரண்ட் கனெக்‌ஷனும் நீர்நிலைப் புறம்போக்கை உங்களுடையதாக்காது.

சைட் வாங்குகிறவர்களுக்கு: பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு 20.10.2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாத மனையைப் பதியக் கூடாது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானதற்கு மட்டும் விலக்கு உண்டு. இதைத் தாண்ட, கையில் தரும் வரைபடத்தில் மனை எண்ணைப் போட்டுவிட்டு, பத்திரத்தில் 'புஞ்சை நிலத்தில் பொதுவில் 3 சென்ட்' என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் உங்களுக்குக் கிடைப்பது பிரிபடாத பாகம்தான், மனை அல்ல. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணையும், சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்கு எழுதித் தந்த தானப் பத்திரத்தையும் கேளுங்கள். காட்டாவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

வில்லங்கம் எந்த அலுவலகத்தில் போடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். நாமக்கல் 1.1.1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பழைய பத்திரத்தில் 'சேலம் மாவட்டம், இராசிபுரம் வட்டம்' என்று இருக்கும். அதன் பிறகு வட்டங்களும் சார்பதிவாளர் எல்லைகளும் பல இடங்களில் மாறின. எனவே தாய்ப் பத்திரம் பதிவான அலுவலகம், இப்போது அந்த ஊர் சேர்ந்திருக்கும் அலுவலகம் இரண்டிலும் வில்லங்கம் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு 'வில்லங்கம் இல்லை' என்று நிம்மதியடைவது மகா ஆபத்து.

அ-பதிவேட்டை வருவாய்த்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதோடு நிற்காதீர்கள்; தாலுகா அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். "அதெல்லாம் தர மாட்டோம், அப்புறம் வாங்க" என்று அலைக்கழிப்பது இன்னும் நடக்கிறது. பொதுமக்களின் பதிவேடு அது, யார் வீட்டுச் சொத்தும் அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சர்வே எண்ணும் உட்பிரிவும் கிராமப் பெயரும் தெளிவாகக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

பட்டா உத்தரவு தவறென்றால் தாசில்தார் முடிவை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. சார்பதிவாளர் பதிய மறுத்தால் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும்.