குட்டி மெக்கானிக்குக்கு எந்தப் பெட்டி?

வீட்டில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தை இருந்தால் உங்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். சைக்கிள் சக்கரத்தைக் கழற்ற அப்பா உட்கார்ந்தால் முதலில் காணாமல் போவது ஸ்பேனர்தான். எடுத்துக்கொண்டு ஓடிய குட்டி மெக்கானிக், அதை வைத்து நாற்காலிக் காலைத் திருகிக்கொண்டிருப்பார். பிறந்தநாளுக்கு ஒரு ‘மெக்கானிக் செட்’ வாங்கிக் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவாகிறது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது.

சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தஃபா கடைத்தொகுதிக்குப் போனாலும் சரி, இணையத்தில் தேடினாலும் சரி, பெட்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒன்றில் நாற்பது துண்டுகள், விளக்கு, ‘டர்ர்’ என்று சத்தமிடும் துளைக்கருவி. இன்னொன்றில் ஒரு பலகை, பத்துத் தடித்த போல்ட்டுகள், ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பீர்கள்? விடை சொல்ல, உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படிக்கும் அறிவியலே போதும்.

‘3+’ என்பது புத்திசாலித்தனத்தின் அளவல்ல

பல பெட்டிகளில் ‘3+’ என்றோ, 0-3 என்ற எண்ணும் அழுகிற முகமும் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்ட வட்டமோ இருக்கும். “எங்கள் தங்கை கெட்டிக்காரி, இரண்டு வயதிலேயே விளையாடுவாள்” என்று சொல்லிப் பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியது அல்ல. உள்ளே இருக்கும் சிறு துண்டுகளைப் பற்றியது.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உலகத்தை வாயால் அறிகிறார்கள். அவர்களின் மூச்சுக்குழாய் குறுகலானது. ஒரு குழாயில் சீராகக் காற்று ஓடும்போது அதற்கு ஏற்படும் தடை, ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் பாதியானால் தடை இரு மடங்கு ஆவதில்லை, 16 மடங்காகிறது! பெரியவருக்கு இருமலோடு போகும் ஒரு சிறு நட், குழந்தைக்கு உயிர்ப் பிரச்சினையாவது இதனால்தான்.

பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் இதற்கு ஓர் எளிய கருவியை வைத்திருக்கின்றன. அது 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை. அதன் அடிப்பாகம் சாய்வானது. ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. பொம்மையின் ஒரு துண்டு, அழுத்தாமலேயே அதற்குள் முழுவதும் அடங்கிவிட்டால், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ஆகாது. நமது ஒரு வெள்ளி நாணயத்தின் விட்டம் 24.65 மி.மீ. அதை எளிதாக விழுங்கிவிடும் உருளை அது. வீட்டில் சோதிக்க, கழிவறைத் தாள் சுற்றிவரும் அட்டைக்குழாய் போதும். அது சற்று அகலமானது. ஆகவே அதற்குள் நுழையாத துண்டு, உருளைக்குள்ளும் நுழையாது.

20 காசு அளவில் ஓர் ஆபத்து

சத்தமிடும் துளைக்கருவிக்குள் மின்கலன் இருக்கும். அது நாணய வடிவ லித்தியம் மின்கலனா என்று பாருங்கள். அதன் மேல் ‘2032’ என்று எழுதியிருந்தால் அதுவே அதன் அளவு: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. நமது 20 காசு நாணயத்தின் விட்டம் 21 மி.மீ. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு.

நாணயத்தை விழுங்கினால் அது பெரும்பாலும் உணவுக்குழாயைக் கடந்துவிடும். மின்கலன் அங்கே சிக்கிக்கொண்டால் கதை வேறு. அதன் மின்னழுத்தம் 3 வோல்ட். நீரைப் பிளக்க ஏறத்தாழ 1.23 வோல்ட்டே போதும் என்று மின்னாற்பகுப்பில் படித்திருப்பீர்கள். உமிழ்நீரால் ஈரமான திசுவின் வழியே மின்னோட்டம் பாய்கிறது. எதிர்முனையில் ஹைட்ராக்சைடு அயனிகள் சேர்கின்றன. அந்த இடம் கடும் காரமாக மாறித் திசுவை அரிக்கத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். மின்கலன் கசியவே வேண்டாம். பொம்மையை இயக்கச் சக்தி இல்லாத பழைய மின்கலன்கூட இதைச் செய்யும்.

எனவே மின்கலன் மூடி திருகால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும் மூடி என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். குழந்தை மின்கலனை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. உடனே பெரியவரிடம் சொல்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு விரைய வேண்டும். அவசர மருத்துவ உதவி வாகனத்துக்கு 995.

காந்தமும் சத்தமும்

சில பொம்மைத் திருப்புளிகளின் நுனியில் காந்தம் இருக்கும். இரண்டு வலுவான காந்தங்கள் வெவ்வேறு நேரத்தில் வயிற்றுக்குள் போனால், குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இடையில் நசுங்கும் குடற்சுவருக்கு இரத்தம் போகாது, ஓட்டை விழக்கூடும். 2007ல் மேட்டல் நிறுவனம் தன் பொம்மைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றதற்கு, சில பொம்மைகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சும் வேறு சிலவற்றில் கழன்று விழக்கூடிய சிறு காந்தங்களும் காரணங்களாக இருந்தன.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலிமூலத்திலிருந்து விலகும் தூரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், ஒலியளவு சுமார் 20 டெசிபல் கூடும். 25 செ.மீ. தொலைவில் 75 டெசிபல் எழுப்பும் துளைக்கருவியைக் குழந்தை காதருகே 2.5 செ.மீ.யில் வைத்தால் அது 95 டெசிபல். சிங்கப்பூர் வேலையிடங்களில் எட்டு மணி நேரத்துக்கான வரம்பே 85 டெசிபல்தான்.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

சிங்கப்பூரில் பயனீட்டாளர் பொருள்களுக்கான பாதுகாப்பு விதிமுறைகள் 2011 முதல் நடப்பில் உள்ளன. பொம்மைகள் அனைத்துலக, ஐரோப்பிய, அமெரிக்கத் தரநிலைகளுக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வது விற்பவரின் கடமை. ஆனால் ஒவ்வொரு பொம்மையையும் முன்கூட்டியே சோதித்து அனுமதி தரும் ஏற்பாடு அது அல்ல. மின்சாதனங்களில் நாம் பார்க்கும் ‘சேஃப்டி மார்க்’ முத்திரையைப் பொம்மையில் தேடாதீர்கள். பொம்மையோடு சுவரில் செருகும் மின்மாற்றி வந்தால் அதில் தேடுங்கள்.

பெட்டியில் ‘இஎன் 71’, ‘ஏஎஸ்டிஎம் எஃப்963’, ‘ஐஎஸ்ஓ 8124’ ஆகியவற்றில் ஒன்று இருக்கிறதா, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாமா வாங்கி வருகிறார் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பெயரும் முகவரியும் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

நல்ல ஸ்பேனர் எது?

பாதுகாப்பில் தேறிய பெட்டிகளில் எது நன்றாக வேலை செய்யும்? இங்கே ‘மொமெண்ட்’ என்று நீங்கள் படிக்கும் திருப்புத்திறன் கைகொடுக்கும். திருப்புத்திறன் என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. குழந்தை 10 நியூட்டன் விசை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கை பிடிக்கும் இடம் போல்ட்டிலிருந்து 5 செ.மீ. என்றால் 0.5 நியூட்டன் மீட்டர், 15 செ.மீ. என்றால் 1.5. அதே கை, மூன்று மடங்கு பலன். திருப்புளியில் கைப்பிடி தடித்திருந்தால் இதே லாபம் கிடைக்கும். விரல் நீளமே உள்ள மெல்லிய ஸ்பேனர் அழகாக இருக்கும். குழந்தைக்குத் தோல்வியைத்தான் தரும்.

அடுத்து மரையைப் பாருங்கள். திருகு என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சாய்தளம். எம்6 எனப்படும் சாதாரண இரும்பு போல்ட், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அது 20 மி.மீ. உள்ளே போக 20 சுற்று வேண்டும். குழந்தை அதற்குள் எழுந்து போய்விடும். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பொம்மை போல்ட்டுக்கு நான்கே சுற்று. திருகினால் முன்னேறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. சில பெட்டிகளில் மரையே இருக்காது. போல்ட்டை வெறுமனே குத்தி நிறுத்துவார்கள். அதில் கற்க ஒன்றுமில்லை.

குழந்தைக்கும் கொஞ்சம் வேலை வேண்டும்

கடைசிக் கேள்வி: இந்தப் பொம்மையோடு குழந்தை என்ன செய்யும்? ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, குழந்தை குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுவதைப் பெரிய விஷயமாகக் கருதினார். கண்ணெதிரே இருக்கும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அங்கேதான் வளர்கிறது என்றார். பேசுவது, ஒளிர்வது, பாடுவது எல்லாவற்றையும் பொம்மையே செய்துவிட்டால் பாவனை செய்யக் குழந்தைக்கு என்ன மிஞ்சும்?

அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் கொண்ட 26 இணைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2016ல் வெளியான அதன் முடிவு: மின்னணுப் பொம்மைகளோடு விளையாடும்போது, புத்தகங்களோடும் சாதாரணப் பொம்மைகளோடும் விளையாடுவதைவிடப் பெற்றோர் குறைவாகவே பேசினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

அப்படிப் பார்த்தால் பத்து போல்ட் பெட்டியே என் தேர்வு. மீதிப் பாவனைக்குத் துணையாக நீங்கள் இருக்கிறீர்கள். “என் சைக்கிள் ஓடவில்லை, மெக்கானிக். எவ்வளவு செலவாகும்?” என்று கேட்டுப் பாருங்கள். தம்பிக்குத்தான் இது, தங்கைக்குச் சமையல் செட் என்று பிரிக்கவும் வேண்டாம். ஸ்பேனருக்கு ஆண், பெண் தெரியாது.

ஒரு நாள் ஜாலான் புசார் வட்டாரத்தின் இரும்புச் சாமான் கடைகளுக்கு அந்தக் குழந்தையை அழைத்துப் போய், பெரிய ஸ்பேனரையும் சிறிய ஸ்பேனரையும் அருகருகே காட்டுங்கள். பழுதான மின்விசிறியைத் தூக்கி எறியாமல் சரிசெய்யக் கற்றுத்தரும் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ தொண்டூழியர்கள் 2014 முதல் இங்கே இயங்கி வருகிறார்கள். பொருள் கெட்டால் குப்பைக்கு என்பது எளிது. கெட்டால் திறந்து பார்க்கலாம் என்ற துணிச்சல்தான், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் விலைமதிப்புள்ள சாமான்.

செய்து பாருங்கள்: பொம்மை போல்ட்டின் தலையில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஐந்து முறை முழுதாகத் திருகி, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போனது என்று அளந்து ஐந்தால் வகுங்கள். அதுவே அதன் மரை இடைவெளி. வீட்டுக் கருவிப்பெட்டியில் உள்ள இரும்பு போல்ட்டுக்கும் அதையே செய்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.