பச்சைக்குப் பயப்படாதீர்கள், வெளுப்புக்குப் பயப்படுங்கள்!

"டாக்டர், பிள்ளை பச்சையாப் போவுது... மாந்தமா?" கோவில்பத்தில் என்னிடம் வரும் இளம் தாய்மார்கள் பதற்றத்தோடு கேட்கும் கேள்வி இது.

பிறந்த முதல் 2 நாள் மலம் தார் போலக் கறுப்பாக இருக்கும். பிறகு பச்சை, 5-ஆம் நாள் வாக்கில் கடுகு கலந்தாற்போல மஞ்சள். இடையிடையே பச்சையும் வரலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை தினம் 8 தடவை போனாலும், 6 வாரத்துக்குப் பின் 4, 5 நாளுக்கொருமுறை இளக்கமாகப் போனாலும் இயல்புதான். வசம்பு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

ஆனால் மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால் உஷார்! பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: கீழாநெல்லி அரைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அறுவைச் சிகிச்சையைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அந்தத் துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு, அன்றைக்கே குழந்தைகள் டாக்டரிடம் ஓடுங்கள். மலத்தில் ரத்தம் கண்டாலும் அப்படியே!