காரை இறக்கணுமா... ஷாக்கையும் மாத்துங்க பாஸ்!

ரோட்டை உரசுற மாதிரி போற ஸ்விஃப்டைப் பார்த்ததும், 'நம்ம காரையும் இறக்கிடலாமா?'னு மனசு கேட்குதா? வெயிட்... 'ஸ்பிரிங்கை மட்டும் மாத்தினா போதும்'னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க!

காரைத் தாங்குறது ஸ்பிரிங். பள்ளத்துல இறங்கி ஏறினதும் அது ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தை அடக்குறது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கிற ஆயில் குட்டி ஓட்டைகள் வழியா முட்டி மோதிப் போகும்போது, ஆட்டம் சூடா மாறி அடங்கும். ஸ்விஃப்டோட முன்பக்க மெக்பர்ஸன் ஸ்ட்ரட்ல ரெண்டுமே ஒரே செட்.

இறக்குறதுக்குப் போடுற ஸ்பிரிங் குட்டை, விறைப்பும் அதிகம். பழைய ஷாக்கால அதை அடக்க முடியாது. டயர் துள்ளும், பிரேக் அடிச்சா கார் நிற்கிற தூரம் கூடும். 40 மி.மீ. இறக்கினா, ஷாக் அமுங்குற தூரத்துலயும் கிட்டத்தட்ட அவ்வளவு காலி. அப்புறமென்ன, ஸ்பீட் பிரேக்கர்ல 'டமால்'தான்! சீல் போய் ஆயில் கசியும்.

ஸ்பிரிங்கை வெட்டுறது இன்னும் டேஞ்சர். 8 சுருள்ல 2-ஐ வெட்டினா, விறைப்பு மூணுல ஒரு பங்கு எகிறும். சக்கரம் அந்தரத்துல தொங்கினா ஸ்பிரிங் நழுவவும் செய்யலாம்.

அதனால, குட்டை ஸ்பிரிங்குக்கு ஏத்த ஷாக்கை ஜோடியா மாத்துங்க. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாம ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே கூடாது. கடைசியில வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லேன்னா டயர் ஒரு பக்கமா தேயும்.

முக்கியமா, ஆர்.சி. விவரங்களுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டே ஸ்பேனரை எடுங்க.

தாழ்ந்து நின்னா கெத்துதான்... திருப்பத்துல ரோட்டை விடாம பிடிச்சாதான் நீங்க வீடு வந்து சேர முடியும்!