பூவை அறிந்து காய் பெறுதல்

"பூசணிக் கொடி செழித்து நிற்கிறது, பூவும் நிறையப் பூக்கிறது, ஒரு காயேனும் நிலைக்கவில்லை. என்ன பசளை இடலாம்?" என்று கமக்காரர் பலர் வினவுவதுண்டு. இவ்வாறு வினவிய ஒருவர் கொடிகளைப் பிடுங்கி எறியவும் ஆயத்தமாயிருந்தார். அவருடைய தோட்டத்திற் பூத்திருந்தவை யாவும் ஆண் பூக்களே. சில நாள் பொறுக்குமாறு கூறினோம். பெண் பூக்கள் தோன்றின. ஆகவே பசளைக்குப் பணம் செலவிடுமுன் பூவைப் பற்றி அறிந்துகொள்ளல் நன்று.

பூவின் உறுப்புக்கள்

ஒரு கத்தரிப் பூவைக் கையிலெடுத்துப் பாருங்கள். வெளியே பச்சை நிறமாயுள்ளவை புல்லிகள்; இவை அரும்பைக் காப்பன. அடுத்து நிறமுள்ள அல்லிகள். இவை பூச்சிகளைக் கவர்வன. அவற்றினுள்ளே கேசரங்கள் உள்ளன. இவையே ஆண் உறுப்புக்கள். இவற்றின் பைகளில் மகரந்தம் என்னும் தூள் உண்டாகிறது. நடுவிலிருப்பது பெண் உறுப்பு. அதன் நுனி குறி எனவும், தண்டு தம்பம் எனவும், அடி சூலகம் எனவும் பெயர் பெறும். சூலகத்தினுள்ளே சூல்வித்துக்கள் இருக்கின்றன.

மகரந்தம் குறியின்மேற் படிந்தால் முளைத்து, நுண்ணிய குழாயொன்றைத் தம்பத்தினூடாகக் கீழே செலுத்தும். அக்குழாய் சூல்வித்தை அடைந்தபின் கருக்கட்டல் நிகழும். பின்னர் சூலகம் காயாகும், சூல்வித்துக்கள் விதைகளாகும்.

பூசணி

கத்தரிப் பூவில் இரு பாலுறுப்புக்களும் ஒருங்கே உள்ளன. பூசணியிலோ ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் கீழே சிறு பிஞ்சு போன்ற சூலகம் காணப்படும். ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். பெரும்பாலும் ஆண் பூக்களே முதலிற் பூக்கும். அவை உதிர்வது இயல்பு.

பூசணி மகரந்தம் ஒட்டுந் தன்மையுடையது. காற்று அதனைக் கொண்டு செல்லாது. தேனீக்களே கொண்டு செல்லும். பூ விடியற்காலையில் விரிந்து, நண்பகலுக்குள் வாடிவிடும். அந்த ஒரு காலையில் தேனீ வராவிடில் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். மகரந்தம் போதாவிடில் காய் கோணலாகும். ஆதலாற் பூ விரிந்திருக்கும் வேளையில் பூச்சிநாசினி தெளித்தலாகாது. புடலைப் பூவோ மாலையில் விரிவது. ஒவ்வொரு பயிரும் பூக்கும் நேரத்தை அறிந்தே மருந்து தெளிக்க வேண்டும்.

தேனீக்கள் குறைவாயின், காலையில் ஆண் பூவொன்றைப் பறித்து, அல்லிகளை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் குறியில் மெதுவாகத் தடவுக.

நெல்

நெற்பூவுக்கு அழகிய அல்லிகள் இல்லை. இரண்டு உமிகளுக்கிடையே ஆறு கேசரங்களும், இறகு போன்ற இரண்டு குறிகளும், ஒரு சூலகமும் உள்ளன. பெரும்பாலும் முற்பகலில் உமிகள் விரிந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மீண்டும் மூடிக்கொள்ளும். இதற்குப் பூச்சிகளின் உதவி வேண்டியதில்லை. பெரும்பாலும் தன் மகரந்தமே போதும். ஆயினும் அவ்வேளையில் நீர் குறைந்தாலோ, வெப்பம் மிகுந்தாலோ கருக்கட்டல் தவறும்; உமி சப்பியாகவே நிற்கும். பின்னர் எவ்வளவு பசளை இட்டாலும் சப்பி மணியாகாது. எனவே குடலைப் பருவந் தொடங்கிப் பூத்து முடியும்வரை வயலைக் காயவிடலாகாது. வாய்க்கால் நீரைப் பங்கிடுவோர் இதனை மனத்திற் கொள்க.

விதை எடுத்தல்

நெல் தன் மகரந்தத்தாற் கருக்கட்டுவதால், கலப்பற்ற தூய இன வயலில் எடுத்த விதை பெரும்பாலும் தாயை ஒத்திருக்கும். பூசணி அவ்வாறன்று. அயல் தோட்டத்து மகரந்தம் சேர்ந்தால் இவ்வாண்டுக் காயில் வேற்றுமை தெரியாது. அதன் விதையை நட்டபின்னரே தெரியும். ஆகவே விதைக்கென ஒதுக்கும் பூசணியில், மறுநாள் விரியவிருக்கும் ஆண், பெண் அரும்புகள் சிலவற்றை முதல் நாள் மாலையிலேயே நூலாற் கட்டி, காலையிற் கையால் மகரந்தஞ் சேர்த்து, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுக.

நாளை விடியற்காலையில் தோட்டத்திற்குச் சென்று, ஆண் பூ எது, பெண் பூ எது, தேனீ வருகின்றதா என்று பாருங்கள். பசளை வாங்குவதைப் பற்றி அதன்பின் யோசிக்கலாம்.