சிப் துறைன்னா டிசைன் மட்டும்தானா? 'டெஸ்ட்', 'ப்ராடக்ட்' இன்ஜினீயர்கள் என்ன செய்கிறார்கள்?

இசிஇ முடித்தவர்களிடம் 'சிப் துறையில் என்ன வேலை வேணும்?' என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் 'விஎல்எஸ்ஐ டிசைன்'. ஆனால், இந்தியாவில் இப்போது வரும் ஆலைகளைப் பாருங்கள். குஜராத்தின் சனந்தில் மைக்ரான், அசாமின் ஜாகிரோட்டில் டாடா எலெக்ட்ரானிக்ஸ். இரண்டுமே சிப்பை பேக்கேஜ் செய்து, சோதித்து அனுப்பும் ஆலைகள். அங்கே தேவைப்படும் ஆட்கள் வேறு.

சோதிக்க என்ன இருக்கு?

ஒரு சிலிக்கான் வேஃபரில் நூற்றுக்கணக்கான சிப்கள் உருவாகும். எல்லாமே வேலை செய்யாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், ஒரு சிப் காலி. அதனால் வேஃபராக இருக்கும்போதே மெல்லிய ஊசிகளால் தொட்டு ஒரு முறையும், பேக்கேஜ் ஆன பிறகு இன்னொரு முறையும் சோதிப்பார்கள். காருக்குப் போகும் சிப் என்றால், கடும் குளிர், கடும் சூடு இரண்டிலும் பாஸ் ஆகணும்.

இதைச் செய்யும் இயந்திரத்தின் பெயர் ஏடிஇ. ஜப்பானின் அட்வான்டெஸ்ட், அமெரிக்காவின் டெரடைன் இரண்டும் இதில் ஜாம்பவான்கள். அந்த இயந்திரத்துக்கு புரோகிராம் எழுதுபவர்தான் டெஸ்ட் இன்ஜினீயர். ஒரு சிப்புக்கு ஒரு விநாடி மிச்சம் பிடித்தால், 10 லட்சம் சிப்புக்கு பதினொன்றரை நாள் இயந்திர நேரம் மிச்சம். அதற்காக ஒரு சோதனையை அவசரப்பட்டு எடுத்துவிட்டால், பழுதான சிப் யாரோ ஒருவருடைய காரின் பிரேக் சிஸ்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். இந்த இழுபறிதான் வேலையே.

ப்ராடக்ட் இன்ஜினீயர்?

கிட்டத்தட்ட துப்பறிவாளர். நேற்று 100 சிப்பில் 92 தேறியது, இன்று 85தான். ஏன்? வேஃபரின் விளிம்பில் இருப்பவை மட்டும் போகுதா? ஒரே லாட்டில்தான் பிரச்சினையா? இல்லை, சிப் நல்லாத்தான் இருக்கு, சோதிக்கும் ஊசிதான் தேய்ந்துபோச்சா? டேட்டாவை வைத்து இதைக் கண்டுபிடிக்கணும்.

தேறாததெல்லாம் குப்பைக்குப் போகாது என்பது இன்னொரு சுவாரஸ்யம். 2008-ல் ஏஎம்டி, நான்கு கோர் சிப்பில் ஒரு கோரை முடக்கி, 'பெனோம் எக்ஸ்3' என்று மூன்று கோர் சிப்பாக விற்றது.

என்ன தெரிஞ்சிருக்கணும்?

இசிஇ, இஇஇ, இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள் முயற்சிக்கலாம். அனலாக், டிஜிட்டல் அடிப்படை, பைத்தான் அல்லது சி++, கொஞ்சம் புள்ளியியல். லேபில் ஆசிலோஸ்கோப்பைப் பார்த்து ஒதுங்கி நின்ற ஆள் என்றால், முதலில் அந்தப் பயம் போகணும்.

வேலைவாய்ப்புத் தளங்களில் வெறும் 'டெஸ்ட் இன்ஜினீயர்' என்று தேடாதீர்கள், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைகளாக வந்து கொட்டும். 'ஏடிஇ', 'யீல்டு', 'போஸ்ட் சிலிக்கான்' என்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். ஆலை வேலை என்றால் ஷிஃப்ட் இருக்கலாம், ஊரை விட்டும் போகணும்.

இன்னொரு சிக்கல், இயந்திரத்தை இயக்க மட்டும் ஆள் எடுக்கும் இடத்திலும் இதே பதவிப் பெயர் இருக்கலாம். இன்டர்வியூ முடியும்போது 'உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?' என்பார்கள் இல்லையா? தயங்காமல் கேளுங்கள்: "டெஸ்ட் புரோகிராமை நான் எழுதுவேனா, இல்லை ஓட்ட மட்டும்தானா?"