குடம்புளி: குழம்புக்குச் சரி, குளிகைக்கு?

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்கி கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தால் சாலை பஜார். தமிழிலேயே விலை கேட்கலாம். பலசரக்குக் கடைகளில் கறுத்துச் சுருங்கிய சுளைகள் இருக்கும்: குடம்புளி. இது சட்டியில் விழாவிட்டால் அந்த ஊர்ச் சிவப்பு மீன்குழம்பு கிடையாது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம் இது. இலங்கையில் கொரக்கா என்பார்கள். பழம் சின்னப் பூசணிபோல வரிவரியாக, மஞ்சளாக இருக்கும். பழுப்பதோ தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். வெயிலை நம்ப முடியாததால் அடுப்புக்கு மேலே பரப்பிப் புகையில் உலர்த்துகிறார்கள். கறுப்பும் புகைவாசமும் அப்படி வந்தவை. பிறகு உப்பும் தேங்காயெண்ணெயும் தடவி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. நாட்டு வைத்தியத்தில் வாதத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இதன் கஷாயம் உண்டு.

பழத்தின் முக்கியப் புளிப்பு ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று 1965இல் லூயிஸ், நீலகண்டன் இருவரும் கண்டறிந்தார்கள். உடலில் கொழுப்பு உருவாகத் தேவையான ஒரு நொதியை அது தடுக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. போதாதா? ‘கார்சினியா கம்போஜியா’ என்ற பெயரில் எடை குறைக்கும் மாத்திரையாக அமெரிக்காவில் விற்றுத் தள்ளினார்கள். 1998இல் அங்கே 135 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை விழுங்கியவர்களைவிட இந்த மாத்திரை விழுங்கியவர்களுக்கு எடை கூடுதலாகக் குறையவில்லை. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. குழம்பில் போடும் நாலு சுளை வேறு, சாற்றைச் செறிவாக்கித் தினமும் விழுங்குவது வேறு. மாத்திரை வாங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

தோட்டக்காரருக்கு இந்த மரத்தின் மதிப்பு வேறு. தென்னை, பாக்கு நிழலிலும் வளரும். தனி நிலம் கேட்காது. சிக்கல் ஒன்றுதான்: ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதைக் கன்று காய்க்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். ஒட்டுக்கன்று என்றால் மூன்று, நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் அமிர்தம், ஹரிதம் என்று இரண்டு ரகங்கள் வெளியிட்டிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரக்காரர்கள் தயங்காமல் வைக்கலாம். வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: நிமிர்ந்த தண்டில் எடுத்த ஒட்டு மரமாக உயரும், பக்கக் கிளையில் எடுத்தது புதராகப் படரும்.